'ஃபர்ஸ்ட் பேட்ச்' ஹெரால்டா? பழைய வண்டியின் ஜாதகத்தைச் சரிபார்ப்பது எப்படி

பழைய வண்டி வியாபாரத்தில் விலையைச் சட்டென்று ஏற்றிவிடும் வார்த்தை ஒன்று உண்டு: 'ஃபர்ஸ்ட் பேட்ச்'. அமெரிக்காவில் மஸ்டாங், கமாரோ மாதிரி மசில் கார்களுக்கு இந்த வார்த்தையால் விலை பல மடங்கு ஏறும். நம்ம ஊரில் அந்த மாதிரி வண்டிகள் அபூர்வம். ஆனால் மெட்ராஸிலேயே கட்டப்பட்ட ஒரு கார் இருக்கிறது. அதற்கும் இப்போது இதே பேச்சு வந்துவிட்டது. அந்தக் காரின் பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். அங்கே எங்களுக்கு வேலை செய்யும் ஃபேப்ரிகேஷன் கான்ட்ராக்டர் ஒருவர் பழைய வண்டிப் பிரியர். சிதம்பரம் பக்கம் ஒரு கிராமத்து வீட்டில் இரண்டு கதவு ஹெரால்டு ஒன்று விலைக்கு வந்தது. "1961, முதல் லாட், ஒரே குடும்பம்" என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்ட விலை, சாதாரண ஹெரால்டுக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பொண்ணு கல்யாணத்துக்குப் போட்டு வைத்த டெபாசிட்டை உடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்கதான் பிரஷர் வெஸ்ஸல் நேம்பிளேட் எல்லாம் நோண்டி நோண்டிப் பார்ப்பீங்களே. இதையும் ஒரு தடவை வந்து பாருங்க" என்றார். பார்த்ததை விட, எதை எதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், இது என்ன வண்டி?

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப் கம்பெனி 1959 ஏப்ரலில் டிரையம்ஃப் ஹெரால்டு காரை வெளியிட்டது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல் போனது. அதனால் பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனி சேசிஸ் மேல் போல்ட் போட்டு இணைக்கும்படி வடிவமைத்தார்கள். முன்பக்கம் முழுக்கவே பானெட்டாக முன்னால் சாயும். நடுப்பகுதி ஒரு துண்டு, பின்பகுதி ஒரு துண்டு, கூரை ஒரு துண்டு.

இப்படிப் பிரித்து அனுப்பிச் சேர்த்துக் கட்ட வசதியான கார், வெளிநாட்டில் அசெம்பிளி செய்ய ரொம்பத் தோதானது. மெட்ராஸில் 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, பெருங்களத்தூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் ஏற்கனவே வேன்கார்ட், ஸ்டாண்டர்ட் டென் போன்ற வண்டிகளைக் கட்டியது. 1961இல் ஹெரால்டு இங்கே வந்தது. டிரையம்ஃப் என்ற பெயர் போய் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' ஆனது. இங்கிலாந்தில் பின்னால் 1147 சிசி இன்ஜின் வந்தபோதும், இங்கே 948 சிசியே தொடர்ந்தது. ஆண்டு ஆக ஆக உள்ளூர் உதிரிபாகங்கள் கூடின. 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு மாடல் வந்தது. அது இந்தியாவுக்கென்றே செய்தது, இங்கிலாந்தில் கிடையாது. 1970களின் தொடக்கத்தில் அதன் வாரிசாக 'கெஸல்' வந்து 1977 வரை ஓடியது. 1980களில் ரோவர் காரைத் தழுவிய 'ஸ்டாண்டர்ட் 2000' தோற்றுப்போக, 1988 வாக்கில் கார் உற்பத்தி நின்றது. மிஞ்சிய சொத்துகளில் பெரும்பகுதி 2006இல் விற்கப்பட்டது.

இங்கேதான் சிக்கல். கம்பெனியே இல்லை என்றால், 'இந்த வண்டி எந்த நாளில் கட்டியது' என்று யாரைக் கேட்பது?

அமெரிக்காக்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

அவர்களுக்குக் காகிதம் இருக்கிறது. ஃபோர்டு கம்பெனியின் 1967 முதலான உற்பத்திப் பதிவுகளைப் பயன்படுத்தும் உரிமத்தை கெவின் மார்ட்டி என்பவர் வைத்திருக்கிறார். வண்டி எண்ணைக் கொடுத்தால் எந்த நிறம், எந்த இன்ஜின், எந்த டீலர் என்று அறிக்கை தருவார். 1968இல் வந்த 'புல்லிட்' படத்துக்கு இரண்டு மஸ்டாங் வாங்கினார்கள். அதில் ஸ்டண்டுக்குப் பயன்பட்ட வண்டி 2017இல் மெக்சிகோவில் துருப்பிடித்துக் கிடைத்தது. அந்த வண்டி அதுதானா என்று பார்த்தபோது எண்ணோடு நிறுத்திக்கொள்ளவில்லை. படப்பிடிப்புக்காக பாடியில் வலுவூட்டிய இடங்கள், டிக்கியில் போட்ட ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். இன்னொரு வண்டி 2020 ஜனவரியில் 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இரண்டு வண்டிகளின் எண்களும் அடுத்தடுத்து, 125558, 125559 என்று முடிபவை.

மஸ்டாங் இன்னொரு பாடமும் சொல்லித் தருகிறது. 100001 என்று முடியும் முதல் எண் கொண்ட மஸ்டாங், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு விமானிக்கு 1964 ஏப்ரலில் விற்கப்பட்டது. பின்னால் ஃபோர்டு அதைத் திரும்ப வாங்கியது. இப்போது அது ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எண்ணில் முதலாவது என்றாலும், எண் கொடுத்த வரிசையும் வண்டி கட்டிய வரிசையும் ஒன்றல்ல. அதே மாதிரி 1964 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கட்டிய மஸ்டாங்குகளை ரசிகர்கள் '1964½' என்கிறார்கள். ஆனால் கம்பெனி எண்ணில் அவை எல்லாமே 1965 மாடல்தான். வித்தியாசம் தெரிவது உதிரிபாகத்தில்: ஆரம்ப வண்டிகளில் பேட்டரி சார்ஜ் செய்ய டைனமோ, பிந்தையவற்றில் ஆல்டர்னேட்டர். எண் சொல்லாததை பார்ட்ஸ் சொல்லும்.

கமிஷன் எண்

ஹெரால்டில் வண்டி எண்ணுக்கு 'கமிஷன் எண்' என்று பெயர். தரகர் கமிஷன் இல்லை, உற்பத்தி ஆணை எண். கோவென்ட்ரி வழக்கப்படி 'ஜி' என்று தொடங்கினால் 948 சிசி ஹெரால்டு, 'ஜிஏ' என்றால் 1200. இந்த எண் இன்ஜின் அறைக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில், ரிவெட் அடித்த ஒரு சின்ன பிளேட்டில் இருக்கும்.

ரிவெட் அடித்த பிளேட் என்பது பலவீனமான சாட்சி. சிப்காட்டில் செகண்ட் ஹேண்ட் வெஸ்ஸல் வாங்கும்போது நாங்கள் முதலில் சந்தேகப்படுவதே நேம்பிளேட்டைத்தான். காயலான் கடையில் பிளேட் தனியாகக் கிடைக்கும். அதனால் எண்ணைப் படிப்பதற்கு முன்னால் ரிவெட்டைப் பாருங்கள். பழைய ரிவெட் தலையும் பிளேட்டும் சுற்றியுள்ள பெயின்டும் ஒரே வயதாகத் தெரிய வேண்டும். பளபளப்பான பாப் ரிவெட் என்றால் பிளேட் ஒரு தடவையாவது கழன்றிருக்கிறது. அது பெயின்ட் அடிக்கக் கழற்றியதாகவும் இருக்கலாம். அதை வைத்து போலி என்று முடிவு கட்ட முடியாது, இந்தச் சாட்சியின் எடை குறைகிறது, அவ்வளவுதான்.

இரும்பிலேயே பஞ்ச் அடித்த எண்ணுக்கு எடை கூட. இன்ஜின் எண் பிளாக்கின் பக்கத்தில் ஒரு சின்ன மட்டமான இடத்தில் இருக்கும். நம்ம பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்.சி. நேரத்தில் செய்வாரே, மேலே வெள்ளைத்தாள் வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பது, அது எளிமையான, அருமையான முறை. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தாளில் தெரியும். எழுத்தின் ஆழம் ஒரே மாதிரி இருக்கிறதா, வரிசை நேராக இருக்கிறதா, எழுத்துகளைச் சுற்றி கிரைண்டர் ஓடிய பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டாலும் தடயம் முழுசாகப் போகாது. பஞ்ச் அடிக்கும்போது எழுத்துக்குக் கீழே உள்ள இரும்பும் நசுங்கி உருமாறுகிறது. குப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலை வைத்தால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வேறு வேறு மாதிரி அரிக்கப்படும். பழைய எண் மங்கலாக எழும்பும். தடயவியல் கூடங்கள் செய்வது இதுதான். சிப்காட்டில் இருப்பவர்களுக்கு இந்த ரசாயனமெல்லாம் கைக்கெட்டும் தூரம். ஆனாலும் நீங்களே முயற்சி செய்யாதீர்கள். எண்ணில் கை வைப்பது போலீஸ் விவகாரம். உள்ளதையும் கெடுத்துவிடும். சந்தேகம் வந்தால் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுவதே நல்லது.

ஹெரால்டில் மட்டும் வரும் தலைவலி

மற்ற கார்களில் பாடி ஒரே கூடு. ஹெரால்டு போல்ட் போட்டது. ஒரு வண்டியின் பின்பகுதியும், இன்னொன்றின் கூரையும், மூன்றாவதன் பானெட்டும் ஒரே சேசிஸ் மேல் அழகாக உட்காரும். மெட்ராஸில் இந்தக் கார் பிழைத்ததே இந்த வசதியால்தான். அதே வசதி சரிபார்ப்பவரின் கழுத்தைப் பிடிக்கிறது.

வழி ஒன்றுதான். ஒவ்வொரு துண்டையும் தனி சாட்சியாக விசாரிக்க வேண்டும். பெயின்டில் தொடங்கலாம். வெளியே எத்தனை தடவையும் அடித்திருப்பார்கள். பின்சீட்டுக்கு அடியில், டேஷ்போர்டுக்குப் பின்னால், கதவு அட்டைக்கு உள்ளே யாரும் அடிக்க மாட்டார்கள். எல்லாத் துண்டுகளிலும் அடியில் ஒரே நிறம் என்றால் அவை சேர்ந்தே வாழ்ந்தவை. நாங்கள் பார்த்த வண்டியில் நடுப்பகுதிக்கும் பின்பகுதிக்கும் அடியில் ஒரே இளநீலம். பானெட்டுக்கு அடியில் கிரீம் கலர். பானெட் வேறு வண்டியுடையது.

காந்தமும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒட்டாத இடத்தில் டிங்கரிங் கடை பட்டி இருக்கும். கடலூர் உப்புக் காற்றில் பட்டி இல்லாத ஹெரால்டு கிடைப்பது அதிசயம். பட்டி இருப்பது குறையில்லை, அது எங்கே இருக்கிறது என்பதுதான் செய்தி. போல்ட் இணைப்புகளின் மேலேயே பட்டி போட்டு மூடியிருந்தால், 'ஏன்?' என்று கேட்கலாம்.

பின் சஸ்பென்ஷனும் முக்கியம். ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் ஆக்சில். நம்ம ரோட்டுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. கெஸலில் அதை எடுத்துவிட்டு ஒரே தண்டு ஆக்சில் வைத்தார்கள். ஆரம்ப ஹெரால்டு என்று சொல்லும் வண்டியில் பழைய அமைப்பு அப்படியே இருக்க வேண்டும். மாற்றியிருந்தால் சேசிஸில் வெல்டிங் காட்டிக் கொடுக்கும்.

பார்ட்ஸ் சொல்லும் தேதி

லூகாஸ் கம்பெனியின் பழைய மின் உதிரிகளில் மாதமும் ஆண்டும் பஞ்ச் அடித்திருக்கும். '4 61' என்றால் 1961 ஏப்ரல். டைனமோ, ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார் மூன்றிலும் தேதி பாருங்கள். மூன்றும் சில மாத இடைவெளிக்குள் இருந்து, வண்டியின் தேதிக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தால் நல்ல அறிகுறி. கோவென்ட்ரி வார்ப்புகளில் 'ஸ்டான்பார்ட்' என்ற எழுத்து மேடாக இருக்கும்.

இனி உள்ளூர்க் கணக்கு. சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா 1960இலும், லூகாஸ் டிவிஎஸ் 1961இலும், பிரேக்ஸ் இந்தியா 1962இலும் தொடங்கப்பட்டன. இந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடியும். 1961 வண்டியில் 'பிரேக்ஸ் இந்தியா' என்று எழுதிய மாஸ்டர் சிலிண்டர் இருந்தால், அது பின்னால் மாட்டியது. இதில் வாதமே இல்லை. பிறக்காத கம்பெனி பார்ட்ஸ் செய்யாது.

நாங்கள் பார்த்த வண்டியில் வைப்பர் மோட்டார் மட்டும் இங்கிலாந்து லூகாஸ், 1961 தேதி. டைனமோ லூகாஸ் டிவிஎஸ். பிரேக் சாமான் எல்லாம் பிரேக்ஸ் இந்தியா. ஒரே ஒரு வைப்பர் மோட்டாரை வைத்து 'ஃபர்ஸ்ட் பேட்ச்' என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ஹெரால்டு உதிரிகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. தேதி போட்ட பழைய பார்ட்ஸைக் காசு கொடுத்து வாங்கி மாட்டவும் முடியும்.

காகிதம்

ஆர்.சி. புக் 2015 வெள்ளத்தில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. நீராவி காட்டிப் பிரித்துப் பார்த்தோம். வண்டி நம்பர் 'எம்' எழுத்தில் தொடங்குவது, அதாவது 1969 ஜனவரியில் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆவதற்கு முந்தைய பதிவு. இது நல்ல சாட்சி. 1961 வண்டி என்று சொல்லி 'டி' எழுத்தில் தொடங்கும் நம்பரோ, 1989க்குப் பிறகு வந்த டி.என். 31 மாதிரி நம்பரோ இருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

தயாரிப்பு ஆண்டு '1961' என்று இருந்தது. முதல் பதிவு 1962இல். இன்ஜின் எண் பிளாக்கில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. பெரியவர் முகம் வாடிவிட்டது. ஆனால் இரண்டு பக்கம் தள்ளி, 1970களில் இன்ஜின் மாற்றியதற்கான குறிப்பு, முத்திரையோடு இருந்தது. அந்த எண் பிளாக்கோடு சரியாகப் பொருந்தியது. "அப்பா மெட்ராஸ் போய் வேற இன்ஜின் போட்டுக்கிட்டு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு தம்பி" என்றார். மாறிய இன்ஜின் விலையைக் குறைக்கும். மாற்றியதை ஒளிக்காமல் பதிவு செய்த குடும்பம் என்பது மற்ற விஷயங்களில் அவர்கள் சொல்வதன் மேல் நம்பிக்கையைக் கூட்டும்.

ஆர்.சி.யில் உள்ள ஆண்டையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. டூப்ளிகேட் ஆர்.சி. என்றால் யாரோ ஒரு கிளார்க் பார்த்து எழுதியதுதான். முடிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மூலப் பதிவேட்டின் நகலுக்கு உரிமையாளர் மூலமாகவே விண்ணப்பியுங்கள்.

கடைசியில் என்ன எழுதிக் கொடுத்தேன்?

மூன்று தலைப்பு போட்டேன். உறுதியானவை: 1969க்கு முன் மெட்ராஸ் மாநிலத்தில் பதிவான இரண்டு கதவு ஹெரால்டு, நடுப்பகுதியும் பின்பகுதியும் சேர்ந்தே இருந்தவை, இன்ஜின் மாற்றம் முறையாகப் பதிவானது. வாய்ப்புள்ளவை: 1961இல் கட்டியது. ஆதாரம் இல்லாதவை: முதல் லாட் என்பது. 'பொய்' என்று எழுதவில்லை. நிரூபிக்க முடியாததற்கு இரட்டை விலை கொடுக்கத் தேவையில்லை என்று மட்டும் சொன்னேன். பெரியவரும் புரிந்துகொண்டார். விலை இறங்கியது, டெபாசிட் தப்பித்தது, வண்டியும் கைமாறியது.

அடுத்த வாரமே நம்ம கான்ட்ராக்டர் இங்கிலாந்திலிருந்து லூகாஸ் டைனமோவும் பிரேக் சாமானும் ஆர்டர் போட லிஸ்ட்டோடு வந்தார். "ஒரிஜினலா ஆக்கிடலாம்ணே" என்றார். இதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

யோசித்துப் பாருங்கள். மெட்ராஸ் ஹெரால்டில் 'எர்லி' என்றால் என்ன? கோவென்ட்ரி சாமான் அதிகம், நம்ம சாமான் குறைவு. ஒரு வண்டி எவ்வளவு முந்தையது என்று நிரூபிப்பது, அதில் மெட்ராஸ் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று நிரூபிப்பதுதான். அந்த பாடி டைனமோவும் பிரேக் சிலிண்டரும் இந்த ஊரில் கார் செய்யக் கற்றுக்கொண்டதன் சாட்சிகள். கம்பெனியின் காகிதம் நம் கையில் இல்லாதபோது, மிச்சம் இருப்பது இந்த இரும்பு மட்டும்தான். அதைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு இங்கிலாந்துச் சாமானை மாட்டினால், அடுத்து சரிபார்க்க வருகிறவர் ஒரு பொய்யைத்தான் படிப்பார்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லுபடி. ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ரேலி மாதிரி காரியங்களுக்கு மட்டும் ஓட்டலாம், தினசரி ஓட்ட முடியாது. இதற்கு விண்ணப்பிக்கும்போது எதை எப்போது மாற்றினீர்கள் என்ற குறிப்பு கையில் இருப்பது நல்லது.

அதனால் ரிப்பேருக்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் போட்டோ எடுங்கள். எண்களைப் பென்சில் அச்சு எடுத்து தேதி போட்டு வையுங்கள். கழற்றியதைச் சாக்கில் கட்டி, எங்கிருந்து கழற்றியது என்று சீட்டு எழுதி உள்ளே போடுங்கள். எங்கள் ஆள் டைனமோவை மாற்றவில்லை, ஆர்மேச்சரை மட்டும் சுற்றக் கொடுத்திருக்கிறார்.

பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், தயவுசெய்து அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். நம்பர் பிளேட்டை யார் அடித்தார்கள், எந்த ஆண்டில் எந்த பார்ட்ஸ் மாறியது, பழைய டெலிவரி சீட்டு ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே இளைஞராகச் சேர்ந்து ஹெரால்டு கட்டியவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டியிருக்கும்.